வீட்டில் கட்டிய விமானத்தில் அப்பாவுடன் ரேணிகுண்டா: பெட்ரோல், பெயர், எடை

முதலில் பெட்ரோலைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அத்தையைப் பார்க்க ரேணிகுண்டாவுக்குப் பறந்த இந்தப் பயணத்தில் என்னை அதிகம் அலைக்கழித்தது அதுதான். எங்களுடையது இரண்டு பேர் அமரும் ஸெனித் சி.எச். 701. ஆந்திர மாநிலம் குப்பம் ஊரில் வீட்டுக்குப் பின்னாலுள்ள கொட்டகையில் அப்பாவும் நானும் சேர்ந்து பூட்டி முடித்தது. இறக்கைகளைக் கழற்றி லாரியில் ஏற்றி, எல்லை தாண்டி, ஓசூர்ப் பக்கத்துத் தனியார் ஓடுதளம் ஒன்றில் கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறோம். மோட்டார் பெட்ரோலிலேயே ஓடும் என்பதற்காகத்தான் ரோட்டாக்ஸ் 912 என்ஜினைத் தேர்ந்தெடுத்தோம். ஆனால் அந்த என்ஜினுக்கு 10 சதவீத எத்தனால் வரைதான் அனுமதி. நம் பங்க்குகளிலோ 2025-க்குள் 20 சதவீதக் கலப்பு ஏறக்குறைய எல்லா இடத்திலும் வந்துவிட்டது.

எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். குளிர்ந்தால் தண்ணீரோடு சேர்ந்து பிரிந்து டேங்கின் அடியில் தங்கிவிடும். ரப்பர் குழாய்களையும் ஊத வைக்கும். ஆகவே கலப்பில்லாத பெட்ரோலைத் தேடி எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அலைந்தேன். பல பங்க்குகளில் பிளாஸ்டிக் கேனைப் பார்த்ததுமே கையை விரித்துவிட்டார்கள். ஒரு பங்க்கில் மட்டும், "நம்மகிட்ட கலப்பே கிடையாது சார்" என்று மேலாளரே அடித்துச் சொன்னார். நம்பி வாங்குகிறவர்கள் ஒரு காரியம் செய்யுங்கள். அளவுக்கோடு போட்ட கண்ணாடிக் குழாயில் 10 மில்லி தண்ணீரும் 100 மில்லி பெட்ரோலும் விட்டு, நன்றாகக் குலுக்கி, தெளிய விடுங்கள். அடியிலுள்ள தண்ணீர் மட்டம் 10-ஐத் தாண்டி ஏறியிருந்தால், ஏறிய அளவு முழுக்க எத்தனால். மேலாளரின் பெட்ரோலில் மட்டம் எங்கே நின்றது என்பதை அவருக்கே காட்டினேன். கம்பெனியில் இருந்து வருவதைத்தான் நாங்கள் விற்கிறோம் என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

கடைசியில், சிறு விமானங்களுக்கென்றே வரும் பெட்ரோலான அவ்கேஸ் 100 எல்.எல். தான் வழி என்று ஆயிற்று. முன்பெல்லாம் வெளிநாட்டிலிருந்து இறக்குமதியாகிக்கொண்டிருந்த இந்த எரிபொருளை, 2022 செப்டம்பரில் இந்தியன் ஆயில் நிறுவனம் வதோதராவிலுள்ள குஜராத் சுத்திகரிப்பு ஆலையில் தயாரித்து வெளியிட்டது. இருந்தாலும் எங்களைப் போன்ற ஒற்றை விமானக்காரர்களுக்கு எளிதில் கிடைப்பதில்லை. ஒரு டிரம்முக்குக் குறைந்து தர யாரும் ஒத்துக்கொள்ளவில்லை. வாங்கிய பிறகு ஒன்றை மறக்க வேண்டாம்: இதில் ஈயம் இருப்பதால், பெரும்பாலும் இதையே ஊற்றி ஓட்டுகிறவர்கள் ரோட்டாக்ஸுக்கு 25 மணி நேரத்துக்கு ஒருமுறை ஆயில் மாற்ற வேண்டும், முழு சிந்தெடிக் ஆயில் கூடாது.

இறங்குகிற இடத்தில் அவ்கேஸ் உண்டா என்பதைப் புறப்படும் முன்பே தொலைபேசியில் கேட்டுவிடுங்கள். ஜெட் விமானங்கள் வந்துபோகும் நிலையத்தில் ஜெட் எரிபொருளான ஏ.டி.எஃப். ஆறாக ஓடும், அதனால் நமக்கு ஒரு சொட்டுப் பயனும் கிடையாது. ஆகவே போக வரத் தேவையான எரிபொருளை நாங்களே சுமக்க வேண்டியதாயிற்று. ஓசூரிலிருந்து ரேணிகுண்டாவுக்கு நேர்கோட்டில் சுமார் 220 கிலோமீட்டர். எங்கள் வேகம் மணிக்கு 130-ஐ ஒட்டியது. செலவு மணிக்குப் பதினேழு லிட்டர். போக வர அறுபது லிட்டர், அதற்கு மேல் கையிருப்பு என்று கணக்குப் போட்டால், 76 லிட்டர் கொள்ளும் இரண்டு டேங்குகளையும் நிரப்பித்தான் ஆக வேண்டும். அது 55 கிலோ. விமானத்தின் காலி எடை 270. மொத்தம் 450-ஐத் தாண்டக் கூடாது. மிச்சமிருக்கும் 125 கிலோவில் அப்பாவும் நானும் அடங்க வேண்டும். தெருமுனை மளிகைக் கடைத் தராசில் இருவரும் செருப்போடு ஏறி நின்றோம்: என்னுடையது 68, அப்பாவுடையது 55. மிஞ்சிய இரண்டு கிலோவில் தண்ணீர் பாட்டிலும் காகிதங்களும் போக அப்பாவின் வெற்றிலைப் பெட்டிக்கு இடம் கிடைத்தது. தம் அக்காவுக்கு, அதாவது என் அத்தைக்கு என்று அவர் எடுத்து வைத்திருந்த பித்தளை அண்டா வீட்டிலேயே நின்றுவிட்டது. அந்த வருத்தம் அவருக்கு இன்னமும் இருக்கிறது.

விமானப் பதிவு, பறப்பு அனுமதி, காப்பீடு, என் இரண்டாம் வகுப்பு மருத்துவச் சான்று எல்லாம் முன்பே கையில் இருந்தன. நான் எதிர்பார்க்காத சிக்கல் அப்பாவின் பெயரில் வந்தது. விமான நிலையத்துக்குள் போய்வர அவருடைய அடையாள அட்டையும் பயணிப் பட்டியலும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். அப்பா கோலார் தங்கவயலில் ஃபிட்டராக இருந்தவர். 2001 பிப்ரவரி 28-ஆம் தேதி சுரங்கம் மூடப்படும் வரை அங்கேதான் வேலை. அவருடைய பணிப் பதிவேட்டில் பெயர் ஒருவிதம். குப்பத்தில் எடுத்த ஆதாரில், தெலுங்கில் எழுதி அதிலிருந்து ஆங்கிலத்துக்கு மாற்றியதில் கடைசி எழுத்து வேறுவிதம். போதாக்குறைக்கு, இனிஷியலை விரித்து, தாத்தாவின் பெயரை அப்பாவுக்கு வீட்டுப் பெயராக ஆக்கியிருந்தார்கள். திருத்தப் போன சேவை மையத்தில் முதல் தடவை சர்வர் இல்லை, அடுத்த தடவை, அரசிதழ் பதிவு பெற்ற அதிகாரியின் கையெழுத்து வேண்டும் என்றார்கள், அதை வாங்கிக்கொண்டு போனபோது, அன்று இருந்த ஊழியர் காகிதத்தைப் புரட்டிக்கூடப் பார்க்காமல், "வீட்டுப் பெயர் இல்லாம எப்படிப் பெரியவரே?" என்று அப்பாவிடமே கேட்டார். "எங்க வழக்கத்துல அப்பா பேரோட முதல் எழுத்துதாங்க" என்று அவர் பொறுமையாகச் சொன்ன பதில் ஊழியர் காதில் ஏறவே இல்லை.

பஸ்ஸில் திரும்பி வரும்போது அப்பா பர்ஸிலிருந்து ஓட்டுநர் உரிமத்தை எடுத்து நீட்டினார். அதில் பெயரும் இனிஷியலும் அவர் கையெழுத்துப் போடுகிறபடியே இருந்தன. பட்டியலையும் அதன்படியே எழுதிக் கொடுத்தோம். ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. எல்லைப்புறத் தமிழ்க் குடும்பங்களுக்கு நான் சொல்வது இதுதான்: புகைப்படம் உள்ள அரசு அட்டைகளில் எது சரியாக இருக்கிறதோ அதை வைத்துக் காரியத்தை முடியுங்கள். ஆதாரைத் திருத்துவதைப் பயணத்தோடு முடிச்சுப் போட வேண்டாம்.

நடுவில் ஒரு முகவர் வேறு. தரைப்பணி ஏற்பாடுகளைத் தாமே கவனித்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டு, தொலைபேசியில் முதலில் எங்களிடம் பி.என்.ஆர். எண் கேட்டார். விமானமே எங்களுடையது என்று விளக்கியபோது, அப்படியென்றால் தனி ஜெட் கட்டணம் என்றார். கட்டணத்தை எழுத்தில் அனுப்பச் சொன்னேன்; பிறகு அவரிடமிருந்து பேச்சே இல்லை. வேறொருவரை வைத்து நியாயமான தொகையில் முடித்தோம்.

புறப்படும் நாள் காலையில் பீடபூமி முழுவதும் பனிமூட்டம். பிப்ரவரியில் இந்தப் பக்கத்தில் அது சகஜம். கண்பார்வைப் பறப்பு என்பதால், மூட்டம் விலகும் வரை நகர முடியாது. இதற்குள் பறப்புத் திட்டத்தில் குறித்த நேரம் தாண்டிவிட்டதால், திட்டத்தை மறுபடி அனுப்பி, சென்னை விமானத் தகவல் மையம் (எஃப்.ஐ.சி.) தரும் எண்ணையும் வான் பாதுகாப்பு அனுமதி எண்ணையும் புதிதாக வாங்க வேண்டியிருந்தது. இந்த இரண்டு எண்களும் இல்லாமல் மேலே ஏறினால் வழிமறிக்க விமானப்படை வரும் என்பதால், எவ்வளவு எரிச்சலாக இருந்தாலும் எழுதிவைத்து, சரிபார்த்து, அதன் பிறகே என்ஜினைத் தொடுங்கள். ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் ஏவும் நாட்களுக்கான நோட்டாம் (NOTAM) என்ற விமானிகளுக்கான அறிவிப்பையும் சேர்த்துப் பார்த்துவிடுவது நல்லது.

வெயில் ஏறிய பிறகு கிளம்பியதன் பலன் பலமநேரைத் தாண்டியதும் தெரிந்தது. அதுவரை 5,500 அடியில் அமைதியாகத்தான் போய்க்கொண்டிருந்தோம். தங்கவயலுக்கு மேல் வந்தபோது சுரங்கக் கழிவு குவிந்த சயனைடு மேடுகளை அப்பாதான் முதலில் காட்டினார். சாம்பியன் ரீஃப் சுரங்கம் எது, தம் குவார்ட்டர்ஸ் இருந்த வரிசை எது என்று விரலால் குறித்துக்கொண்டே வந்தார். பீடபூமி முடிந்து மொகிலி கணவாய்ப் பக்கம் தரை சடாரென்று இறங்கும் இடத்தில், சூடேறிய காற்று முறத்தில் அரிசி புடைப்பதுபோல் எங்களைத் தூக்கிப் போட்டது. இந்த எடையில் விமானத்தை முறுக்கிப் பிடிக்காமல், வேகத்தைக் குறைத்து, அலையோடு விட்டுவிடுவதுதான் சரி. அப்பா என்னைப் பார்க்காமல், இறக்கைத் தாங்கு கம்பியின் போல்ட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அது அவர் முறுக்கிய போல்ட். சித்தூருக்கு அப்பால் காற்று அடங்கியது. திருமலைக்கு மேலே விமானங்கள் பறக்கக் கூடாது என்று தேவஸ்தானம் கேட்டுவருவது தெரிந்ததுதான். மலையை இடப்புறம் நன்றாக விலக்கி வைத்தே இறங்கினோம். விமான நிலையக் கட்டுப்பாட்டுக் கோபுரமும் ஓடுதளமும் எந்தச் சிக்கலும் தரவில்லை.

அத்தை வீட்டில் சாப்பாடு முடிந்ததும் ஒரு சாக்கு வேர்க்கடலையும் வெல்லமும் தயாராக நின்றன. வரும்போது முப்பது லிட்டருக்கு மேல் எரிந்திருந்ததால் இருபது கிலோ வரை ஏற்றலாம் என்று கணக்குக் காட்டினேன். அப்பாவுக்கு அது போதாது; அண்டா வந்திருந்தால் இதைப் பேசியிருக்கவே வேண்டாம் என்றார். கடலையில் பாதியையும் வெல்லத்தை முழுவதுமாகவும் பின்னிருந்த சாமான் இடத்தில் கட்டிவைத்து, ஈர்ப்பு மையக் கணக்கை மறுபடி போட்டுப் பார்த்து, பொழுது சாயும் முன் ஓசூருக்குத் திரும்பிவிட்டோம். வடித்த ஆயிலில் உலோகத்தூள் எதுவும் இல்லை என்று அப்பா பதிவேட்டில் எழுதி, உரிமத்தில் உள்ளபடியே கையெழுத்தும் போட்டார்.

டிரம்மில் பாதிக்கு மேல் அவ்கேஸ் மிச்சமிருக்கிறது. கிருஷ்ணகிரி, வி.கோட்டை, குப்பம் பக்கம் ரோட்டாக்ஸ் வைத்திருப்பவர்கள் சேர்ந்துகொண்டால், அடுத்த டிரம்மின் லாரி வாடகையைப் பங்கிட்டுக்கொள்ளலாம்.