வாடகை வீட்டுல ஒரு எறும்புக் கூட்டம்

ஜெர்மனில நியூரம்பெர்க் வந்த புதுசுல எங்களுக்கு குளிர விட கஷ்டமா இருந்தது வீட்டுல நம்மளத் தவிர ஒரு உயிர் கூட இல்லாததுதான். ஊர்ல நாய், கோழி, வாசல்ல வர்ற அணில்னு பாத்து வளர்ந்துட்டு இங்க ஜன்னல சாத்திட்டு உக்காந்திருக்கிறது என்னமோ மாதிரி இருக்கும். நாய் வாங்கலாம்னா வீட்டுக்காரர்கிட்ட கேக்கணும், வருஷா வருஷம் நாய்க்கு வரி கட்டணும், லீவுக்கு ஊருக்கு போனா யார் பாத்துப்பாங்க. அப்போதான் ஆபீஸ்ல ஒருத்தர் எறும்பு வளர்க்கிறேன்னு சொன்னார்.

லேசியஸ் நைஜர்னு பேரு, இங்க நடைபாதை கல்லு இடுக்குல எல்லாம் இருக்கிற சாதாரண கறுப்பு எறும்புதான். புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு இதுதான் பெஸ்ட்னு அடிச்சு சொல்வேன். தனியா ஹீட்டர் வேண்டாம், கொட்டாது, காசு குடுத்து வாங்கவும் தேவையில்ல. ஜூலை, ஆகஸ்ட்ல புழுக்கமான மத்தியானம் நம்ம ஊர் ஈசல் மாதிரி கூட்டமா கிளம்பும், பறந்து முடிச்சு இறக்கைய உதிர்த்துட்டு ரோட்டுல தனியா ஓடுற பெரிய எறும்புதான் ராணி. (காட்டுல மேடு மேடா புத்து கட்டுற செவ்வெறும்ப மட்டும் தொடாதீங்க, அது இங்க சட்டப்படி பாதுகாக்கப்பட்ட இனம்.)

டெஸ்ட் டியூப்ல கொஞ்சம் தண்ணி, அத அடைக்க பஞ்சு, அப்புறம் ராணி, வாய்க்கு இன்னொரு பஞ்சு. இருட்டுல வச்சிட்டு விட்டுடணும். சாப்பாடு போடக்கூடாது, இனிமே தேவைப்படாத இறக்கை தசையையே கரைச்சு அந்த சத்துல பிள்ளைங்கள வளர்க்கும். முட்டைங்கள ஒரே குவியலா ஒட்டி வச்சு நக்கிக்கிட்டே இருக்கும், வெளிச்சம் பட்டா மொத்தத்தையும் வாயில கவ்விட்டு பஞ்சு ஓரத்துக்கு ஓடும், அத பாத்த பிறகு என்னால அடிக்கடி திறந்து பாக்கவே மனசு வரல.

முதல் வேலைக்கார எறும்புங்க வந்ததும் ஒரு சொட்டு தேன் தண்ணி வச்சேன். குடிக்க குடிக்க வயிறு உப்பி, கறுப்பு பட்டைக்கு நடுவுல தோல் கண்ணாடியா தெரியுது, அப்படியே ராணிகிட்ட போய் வாயோட வாய் வச்சு ஊட்டுது! வைஃப கூப்பிட்டு காட்டினேன், ரெண்டு பேரும் அடுப்புல பருப்பு இருக்கிறதையே மறந்துட்டோம்.

குளிர்காலத்துல இதுங்களுக்கு தூக்கம் கட்டாயம். அக்டோபர் வாக்குல வீடு சூடா இருந்தாலும் மந்தமாயிடும், அப்புறம் மார்ச் வரைக்கும் அஞ்சுலேந்து எட்டு டிகிரில வைக்கணும். பால்கனில குளிர் எகிறி இறங்கும், அதனால ஃப்ரிட்ஜ்தான். "இட்லி மாவு பக்கத்துலயா?"ன்னு வைஃப் கேட்டா, அப்புறம் அவளே காய்கறி தட்டுல இடம் ஒதுக்கி, பஞ்சு காஞ்சிடாம அவதான் பாத்துக்கிறா. அம்மாகிட்ட போன்ல சொன்னா "நாங்க இங்க சாக்பீஸ் போட்டு விரட்டுறோம், நீ ஃப்ரிட்ஜ்ல வைக்கிறியாடா"ங்கிறாங்க, ஆனா இப்ப வாரா வாரம் வீடியோ கால்ல எறும்பதான் முதல்ல கேப்பாங்க.

வளர்க்கிறதுக்கு முன்னாடி யோசிக்க வேண்டியது ஒண்ணுதான், இந்த ராணி ரொம்ப வருஷம் வாழும், வளர்ப்புல ஒரு ராணி கிட்டத்தட்ட 29 வருஷம் இருந்திருக்கு. நாங்க அவ்ளோ நாள் இங்க இருப்போமான்னு தெரியாது, ஊருக்கு எடுத்துட்டு போகவும் கூடாது, அங்க இல்லாத இனத்த கொண்டு போய் விடுறது பெரிய தப்பு. கீழ் வீட்டு பையன் நான் பாத்துக்கிறேன்னு சொல்லியிருக்கான், அவங்கம்மாவும் சரின்னுட்டாங்க.