பலகைக்கு முன்னால்: நீளம் தாண்டுதல் சீசன் குறிப்புகள்

ஜனவரி 18
சர்வதேச அளவில் ஆடுகிற ஆண்கள் பெரும்பாலும் 18 முதல் 22 ஸ்டெப் ஓடித் தாண்டுகிறார்கள். ரன்-அப் தூரத்தை, அதாவது ஓடிவரும் தூரத்தை, முதலில் கால் ஊன்றி எழும்பும் பலகையில் வைத்துத் தேடக் கூடாது. பலகையைப் பார்த்தாலே கால் அதற்குத் தோதாகக் குறுகும், இல்லாவிட்டால் நீளும். டிராக்கில் கோடு போட்டு முழு வேகத்தில் நாலைந்து முறை ஓடவிட்டு, 20-வது ஸ்டெப் விழும் இடங்களைக் குறிக்க வேண்டும். அவை கூடி நிற்கும் இடம் வரை டேப் பிடித்து அளந்து, அதே அளவை ரன்வேக்கு மாற்றலாம். குறிகள் சிதறிக் கிடந்தால் கோளாறு பெரும்பாலும் முதல் இரண்டு ஸ்டெப்பில்தான். கிளம்பும் விதம் ஒவ்வொரு முறையும் ஒன்றுபோல் இருக்கிறதா என்று பாருங்கள்.

பிப்ரவரி 9
பலகைக்கு ஆறு ஸ்டெப் முன்னால் கோச்சுக்கு ஒரு குறி. அங்கே கால் சரியாக விழுந்தும் ஃபவுல் (பலகையைத் தாண்டி மிதித்த செல்லாத தாவல்) என்றால், கடைசியில் கால் எட்டிப் போடுகிறது. ரன்-அப் குறியைப் பின்னுக்குத் தள்ளினால் இது தீராது.

கடைசிக்கு முந்தைய ஸ்டெப் சற்று நீளம். இடுப்பு லேசாக இறங்கும். கடைசி ஸ்டெப் குறுகி, பாதம் முழுதும் சட்டென்று பலகையில் விழ வேண்டும். குதிகால் குத்தினால் பிரேக் போட்ட மாதிரி வேகம் செத்துவிடும், குதிகாலும் கன்றும். பாடப்புத்தகத்து 45 டிகிரியை மறந்துவிடுங்கள். நல்ல வீரர்கள் கிளம்புவது ஏறக்குறைய 20 டிகிரியில். அதற்கு மேல் எழும்பப் பார்த்தால் ஓடிச் சேர்த்த வேகம் கையைவிட்டுப் போகும்.

ஏப்ரல் 27
பின்காற்று அடித்தால் ஸ்டெப் நீளும். தொடக்கக் குறியை ஒரு பாதமாவது பின்னால் வைக்கணும். எதிர்க்காற்றுக்கு முன்னால். வீரர் பலகைக்கு 40 மீட்டர் முன்னால் உள்ள குறியைக் கடந்ததும் 5 விநாடி காற்று அளக்கப்படும். விநாடிக்கு 2.0 மீட்டரைத் தாண்டினால் தாவல் செல்லும், சாதனைக் கணக்கில் மட்டும் வராது. 1991 டோக்கியோ உலக சாம்பியன்ஷிப்பில் கார்ல் லூயிஸ் தாண்டிய 8.91 அப்படிப்பட்டது, காற்று 2.9. அடுத்த சுற்றில் மைக் பவல் 0.3 காற்றில் 8.95 தாண்டினார். அந்த உலக சாதனையை இன்னும் யாரும் தொடவில்லை.

ஜூன் 15
பலகையின் அகலம் 20 செ.மீ. 2021 நவம்பரிலிருந்து ஃபவுல் விதி கடுமை: பலகையின் முன் விளிம்பிலிருந்து நேராக எழும் கோட்டை, காலைத் தூக்குவதற்குள் ஷூ நுனி கடந்தாலே சிவப்புக் கொடி. முன்பு பலகையை ஒட்டியிருக்கும் பிளாஸ்டிசினில் (மெழுகு போன்ற களிமண்ணில்) தடம் விழுந்ததா என்று பார்ப்பார்கள். பலகைக்கு வெளியே மேலே நீட்டிக்கொண்டிருந்த நுனி தப்பிவிடும். பழைய பழக்கத்தில் விளிம்பை ஒட்டியே மிதிப்பவர்களுக்கு இது பெரிய இடி. பலகையின் நடுவைக் குறிவைப்பதே புத்திசாலித்தனம்.

ஆகஸ்ட் 3
பெரிய போட்டிகளில் தகுதிச் சுற்றில் மூன்றே வாய்ப்பு, அந்தத் தூரம் இறுதிக்கு வராது. முதல் தாவலைக் கொடி வெள்ளையாக, அதாவது ஃபவுல் இல்லாமல், இருக்கும்படி, குறியை அரைப் பாதம் பின்னால் வைத்துத் தாண்டிவிட வேண்டும்.

இறுதியில் இருவரின் சிறந்த தூரம் சமமானால் இரண்டாவது சிறந்த தாவலைப் பார்ப்பார்கள். டோக்கியோ ஒலிம்பிக்கில் டென்டோக்ளூ, எச்செவாரியா இருவருக்குமே 8.41; தங்கத்தை முடிவு செய்தது டென்டோக்ளூவின் 8.15-க்கும் எச்செவாரியாவின் 8.09-க்கும் இடையிலிருந்த 6 செ.மீ. ஒரு பெரிய தாவல் விழுந்ததும் மிச்ச வாய்ப்புகளை ஃபவுலில் கரைப்பவர்களுக்கு இந்த விதி நினைவிருப்பதில்லை.