புதுக்கோட்டை வானில் செயற்கைக்கோள்கள்: மாடியில் நின்று எழுதிய பதிவு

ஹப்பிள் விண்வெளித் தொலைநோக்கியை வெறும் கண்ணால் பார்க்கலாம். லண்டனில் இருப்பவருக்கு அந்த வாய்ப்பு கிடையாது. புதுக்கோட்டையில் இருக்கும் எனக்கு உண்டு. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து வானம் தெளிந்ததிலிருந்து மொட்டைமாடியில் நின்று செயற்கைக்கோள்களைப் பார்த்து வருகிறேன். இதற்கென எழுதப்பட்ட வழிகாட்டிக் குறிப்புகள் பெரும்பாலும் 40, 50 டிகிரி அட்சரேகையில் வாழ்கிறவர்களை மனத்தில் வைத்தவை. தமிழ்நாடோ நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 8 முதல் 14 டிகிரிக்குள் அடங்கிவிடுகிறது. எது தெரியும், எந்தத் திசையில் போகும், எவ்வளவு நேரம் தெரியும் என்பதெல்லாம் இங்கே வேறு. அந்த வேறுபாட்டைக் கண்ணால் பார்த்துக் குறித்து வைப்பதுதான் எனக்கு இதில் பெரிய ஆர்வம்.

தை மாதம் சர்வதேச விண்வெளி நிலையத்தில் தொடங்கினேன். புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் அதில் தொடங்குவதே நல்லது. ஹெவன்ஸ் அபவ் என்ற இணையதளத்தில் நம் ஊரைக் குறித்துவிட்டால் அடுத்த பத்து நாட்களுக்கான பட்டியல் வந்துவிடும்: எத்தனை மணிக்கு, எந்தத் திசையில் எழும், அதிகபட்சம் எவ்வளவு உயரம் ஏறும், எங்கே மறையும். அடிவானத்திலிருந்து அளக்கும் உயரம் 40 டிகிரிக்குக் கீழ் உள்ளவற்றை நான் விட்டுவிடுகிறேன். எங்கள் தெருவில் தென்னைகளும் அடுத்த வீட்டுச் சுவரும் அவற்றை விழுங்கிவிடும். தெருவிளக்கு கண்ணில் குத்தாமல் இருக்க மாடியில் தண்ணீர்த் தொட்டியின் நிழலில் நிற்கிறேன். பத்து நிமிடம் அங்கே நின்றாலே கண் இருட்டுக்குப் பழகி, வானத்தில் நட்சத்திரங்கள் பெருகிவிடுகின்றன.

தென்மேற்கில் ஒரு வெள்ளைப் புள்ளி எழுகிறது. திருச்சி விமான நிலையத்துக்குப் போகும் விமானங்களில் சிவப்பும் பச்சையும் மினுக்கும். இதில் மினுக்கலே இல்லை. தலைக்கு மேல் வரும்போது வெள்ளிக் கிரகத்துக்கு இணையாகப் பொலிகிறது. தலைக்கு மேலே போகும் பாதையாக இருந்தால் வானத்தை ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குக் கடக்க ஆறு நிமிடத்துக்கு மேல் எடுத்துக்கொள்கிறது. நூற்றொன்பது மீட்டர் நீளமுள்ள அந்தக் கட்டமைப்பில் 2000 நவம்பர் முதல் இன்றுவரை மனிதர்கள் இல்லாத நாளே இல்லை என்பதை நினைத்துக்கொண்டு பாருங்கள். அந்தப் புள்ளி வேறாகத் தெரியும்.

அது ஏன் விழவில்லை என்ற கேள்விக்குக் குறிப்பேட்டில் நானே கணக்குப் போட்டுப் பார்த்தேன். பூமிக்கு மேல் ஏறத்தாழ 400 கிலோமீட்டரில் ஈர்ப்பு விசை போய்விடுவதில்லை. தரையில் இருப்பதில் பத்தில் ஒன்பது பங்கு அங்கேயும் இருக்கிறது. எனவே நிலையம் ஒவ்வொரு நொடியும் சுமார் 4.3 மீட்டர் விழுகிறது. அதே நொடியில் 7.66 கிலோமீட்டர் முன்னேயும் போகிறது. அந்த 7.66 கிலோமீட்டரில் அதன் வட்டப்பாதை எவ்வளவு கீழ்நோக்கி வளைய வேண்டும் என்று பார்த்தால் அதுவும் 4.3 மீட்டர். இரண்டு எண்களும் ஒன்றாக வந்து நின்றபோது எனக்குப் புல்லரித்தது. விழுகிற அளவும் வளைகிற அளவும் பொருந்திப்போவதால்தான் அது 93 நிமிடத்துக்கு ஒரு சுற்று என்று போய்க்கொண்டே இருக்கிறது. பள்ளியில் மனப்பாடம் செய்த சூத்திரம், மாடியில் பார்த்த ஒன்றுக்குச் சொந்தமாகிவிட்டது.

பொங்கல் விடுமுறைக்கு வந்திருந்த அக்கா மகள் கேட்ட கேள்வி அடுத்த கட்டத்துக்கு இட்டுச் சென்றது. நிலையம் வடகிழக்கே இன்னும் பாதி வானம் மீதம் இருக்கும்போதே மங்கி மறைந்தது. "மாமா, அதற்குள் ஏன் அணைந்துவிட்டது?" என்றாள். அதில் விளக்கு எதுவும் நமக்குத் தெரிவதில்லை; சூரிய ஒளியைப் பிரதிபலிப்பதுதான் தெரிகிறது. பூமியின் நிழலுக்குள் அது நுழைந்த இடத்தைத்தான் அவள் பார்த்தாள். நிழலின் விளிம்பு வானத்தில் எங்கே இருக்கிறது என்பதை அன்றிலிருந்து குறிக்கத் தொடங்கினேன்.

கணக்கு எளிது. உயரம் 400 கிலோமீட்டர் என்றால், சூரியன் அடிவானத்துக்குக் கீழே சுமார் 20 டிகிரி இறங்கும்வரை தலைக்கு மேல் இருக்கும் நிலையத்தின் மீது வெயில் படும். நம் பக்கம் சூரியன் ஏறத்தாழச் செங்குத்தாக இறங்குகிறது. 20 டிகிரி இறங்க 80 நிமிடம் போதும். மாசி மாலைகளில் 6.20 வாக்கில் சூரியன் மறைந்தால், 7.40 மணிக்குப் பிறகு தலைக்கு மேல் அதைத் தேடிப் பயனில்லை. மேற்கே இன்னும் சற்று நேரம் தெரியும். கிழக்கே அதற்கு முன்பே இருண்டுவிடும். என் குறிப்பேட்டில் உள்ள நேரங்கள் இதனுடன் நன்றாகவே ஒத்துப்போகின்றன. வடக்கு ஐரோப்பாவில் கோடைக்காலத்தில் சூரியன் 20 டிகிரி இறங்குவதே இல்லை என்பதால் அங்கே நள்ளிரவிலும் நிலையம் தெரியும். நமக்கு வாய்ப்பது மாலையில் ஒரு மணி நேரம், விடியலுக்கு முன் ஒரு மணி நேரம். குறைவுதான், ஆனால் நிழல் வந்து விழுவதை நடுவானிலேயே பார்க்கும் கொடுப்பினை நமக்கு அடிக்கடி கிடைக்கிறது. பைனாகுலரில் அந்த நேரத்தைப் பிடித்தால், மறைவதற்கு முன் சில நொடிகள் வெண்மை மாறி இளஞ்சிவப்பாவது தெரியும். நிலையத்தில் இருப்பவர்களுக்கு அது சூரிய அஸ்தமனம்.

சில வாரம் மாலைகளில் தொடர்ந்து வந்த நிலையம் பிறகு காணாமல் போகும். அதற்குக் காரணம் பூமியின் வடிவம். நடுவில் சற்றுப் பருத்த பூமி, நிலையத்தின் சுற்றுப்பாதைத் தளத்தையே நாளுக்கு 5 டிகிரி மேற்காகத் திருப்பிக்கொண்டிருக்கிறது. சூரியனின் ஒரு டிகிரி நகர்வையும் சேர்த்தால் நாளுக்கு 6 டிகிரி. ஏறத்தாழ இரண்டு மாதத்தில் ஒரு முழுச் சுற்று. அதற்குள் மாலைக் காட்சியும் விடியற்காலைக் காட்சியும் மாறி மாறி வரும். மாலையில் காணவில்லையே என்று கவலைப்பட வேண்டாம். அதிகாலை ஐந்து மணிப் பட்டியலைப் பாருங்கள்.

இனி ஹப்பிள். 1990 ஏப்ரல் 24 அன்று ஃபுளோரிடாவிலிருந்து டிஸ்கவரி விண்ணோடம் அதை ஏற்றிச் சென்றது. ஏவுதளம் 28.5 டிகிரி வடக்கில் இருப்பதால், நேர் கிழக்கே ஏவியபோது நிலநடுக்கோட்டிலிருந்து சுற்றுப்பாதையின் சாய்வும் 28.5 டிகிரி ஆனது. அதாவது அந்தத் தொலைநோக்கி 28.5 டிகிரிக்கு வடக்கே உள்ள எந்த ஊரின் தலைக்கு மேலும் ஒருநாளும் போகாது. 51 டிகிரியில் உள்ள லண்டனுக்கு அது அடிவானத்துக்கு அப்பால். நமக்கோ தலைக்கு மேலேயே வருகிறது. மேற்குத் தென்மேற்கிலிருந்து கிழக்கு வடகிழக்கு நோக்கி, துருவ நட்சத்திரத்தின் பொலிவில், ஓசையின்றி நகரும் ஒரு புள்ளி. ஒரு பஸ்ஸின் நீளம்தான் இருக்கும், 13 மீட்டர். நாம் பாடப்புத்தகத்திலும் நாளிதழிலும் பார்த்த நெபுலாப் படங்களில் பலவற்றை எடுத்தது அதுதான். 2009 மே மாதம் விண்வெளி வீரர்கள் கடைசியாகச் சென்று பழுது பார்த்ததிலிருந்து அதன் உயரம் சிறிதுசிறிதாகக் குறைந்து வருகிறது. எல்லாக் காலத்துக்கும் அங்கே இருக்கப் போவதில்லை. தமிழ்நாட்டில் இருப்பவர்கள் ஒருமுறையேனும் மாடிக்குப் போய் அதைப் பார்த்துவிட வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

பார்த்துப் பழகிய பிறகு, போகும் திசையை வைத்தே இன்னது என்று சொல்ல முடிகிறது. தென்மேற்கிலிருந்து வடகிழக்கு அல்லது வடமேற்கிலிருந்து தென்கிழக்கு என்றால் 51.6 டிகிரி சாய்வுள்ள விண்வெளி நிலையம். அதைவிடச் சற்றுக் கிழக்கே சாய்ந்து போனால் 41.5 டிகிரி சாய்வுள்ள சீன நிலையம் தியான்காங். வடக்கு தெற்காகப் போகிறவை துருவச் சுற்றுப்பாதையில் உள்ளவை. பூமியைப் படமெடுக்கும் நம் கார்ட்டோசாட் வரிசையும் அந்த வகைதான். கிழக்கிலிருந்து மேற்கே போகிறவை மிக அரிது, ஏனென்றால் கிழக்கு நோக்கி ஏவினால் பூமியின் சுழற்சி நொடிக்கு 0.46 கிலோமீட்டர் வரை வேகத்தை இலவசமாகத் தருகிறது. அதை யாரும் எளிதில் விட்டுவிடுவதில்லை. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து துருவப் பாதைக்கு ஏவும்போது இலங்கையைத் தவிர்க்க ராக்கெட் வளைந்து போக வேண்டியிருக்கிறது. குலசேகரப்பட்டினத்தில் ஏவுதளம் அமைக்கப்படுவதற்கு அதுவே முக்கியக் காரணம். அங்கிருந்து நேர் தெற்கே கடல்தான்.

மாசியில் செய்து பார்த்ததுதான் இதுவரையில் எனக்கு மிகப் பிடித்த சோதனை: நிலையத்தின் உயரத்தை நாங்களே அளந்தோம். திருச்சியில் உள்ள நண்பர் அவர் மாடியிலிருந்தும் நான் என் மாடியிலிருந்தும் ஒரே கடவை, அதாவது நிலையம் வானத்தைக் கடந்துபோன ஒரே தடவையைப் படம் எடுத்தோம். கைபேசிதான் கருவி. கைப்பிடிச் சுவரில் செங்கல்லுக்கு முட்டுக் கொடுத்து வானம் பார்க்க நிறுத்தி, ஒளியுணர்திறன் (ஐஎஸ்ஓ) 800, பத்து நொடி எக்ஸ்போஷர், இரண்டு நொடி டைமர். தலைக்கு மேல் நிலையம் நொடிக்கு ஒரு டிகிரி நகர்வதால் படத்தில் ஏறத்தாழ பத்து டிகிரி நீளத்துக்கு ஒரு கோடு விழுந்தது. என் படத்தில் அந்தக் கோடு ரோகிணி நட்சத்திரத்துக்குப் பக்கத்தில் போனது. நண்பர் படத்தில் அதே கோடு தென்கிழக்கே ஓரியனை நோக்கித் தள்ளியிருந்தது. இரண்டு கோடுகளும் இணையாக இருந்தன. இடைவெளியை ஸ்டெல்லேரியம் என்ற வான வரைபடச் செயலியில் நட்சத்திரங்களைக் கொண்டு அளந்தோம்: 5 டிகிரிக்குச் சற்று மேல், ஓரியனின் இடுப்பில் வரிசையாக நிற்கும் மூன்று நட்சத்திரங்களின் நீளத்தைப் போல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு.

இரண்டு ஊருக்கும் நேர்க்கோட்டுத் தூரம் ஏறத்தாழ 47 கிலோமீட்டர். நிலையம் போகும் திசைக்குக் குறுக்காக அளந்தால் 37. அந்த 37-ஐ நாங்கள் அளந்த கோணத்தின் டேன்ஜென்ட்டால் வகுத்தால் உயரம் வந்துவிடும். எங்களுக்கு 400 கிலோமீட்டரைச் சற்றே தாண்டி வந்தது. இந்த முறையின் அழகு, இருவரும் ஒரே நொடியில் பொத்தானை அழுத்த வேண்டியதில்லை என்பதில் இருக்கிறது. சில நொடி முன்பின் ஆனாலும் கோடு தன் நீளவாக்கில்தான் நகரும். குறுக்கு இடைவெளி மாறாது. ஐம்பது கிலோமீட்டர் தள்ளி ஒரு நண்பர் இருந்தால் போதும், யாரும் செய்யலாம். 1957 அக்டோபரில் ஸ்புட்னிக் ஏவப்பட்டபோது வானியலாளர் ஃப்ரெட் விப்பிள் அமைத்திருந்த மூன்வாட்ச் குழுக்களும் இப்படிப்பட்ட ஆர்வலர்களால் ஆனவைதான். சிறிய தொலைநோக்கிகளோடு வரிசையாக உட்கார்ந்து அவர்கள் எடுத்த குறிப்புகள் ஆராய்ச்சியாளர்களுக்குப் பயன்பட்டன.

இணையச் சேவைக்காக ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனம் ஏவும் ஸ்டார்லிங்க் பற்றியும் எழுத வேண்டும். 2019 மே மாதம் ஒரே ராக்கெட்டில் 60 செயற்கைக்கோள்களுடன் தொடங்கியது அது. ஏவிய சில நாட்களுக்குள் பார்த்தால் ஒன்றன்பின் ஒன்றாக வரிசை கட்டிப் போகும். தெருவில் எல்லோரும் வெளியே வந்து பார்க்கிற காட்சி அது. குழந்தைகளுக்கு அவசியம் காட்டலாம். ஆனால் நான் வானத்தைப் படம் எடுக்கும்போது குறுக்கே விழும் கோடுகள் பல அவற்றுடையவை. பெரிய தொலைநோக்கிகளில் மங்கலான பொருள்களை ஆராய்கிறவர்களுக்கு இது மெய்யான இடைஞ்சல். இணையம் எட்டாத ஊர்களுக்கு அதனால் வரும் பயனையும் நான் மறுக்கவில்லை. என்றாலும் இத்தனை ஆயிரங்களை ஏவுவதற்கு முன் வானத்தைப் பார்க்கிறவர்களையும் கேட்டிருக்க வேண்டும் என்றே நினைக்கிறேன்.

அடுத்து, நிலையம் நிலாவின் குறுக்கே போவதைப் படம் பிடிக்க வேண்டும். தலைக்கு மேல் நிகழும்போது மொத்தக் காட்சியும் அரை நொடிதான். அது தெரியும் பட்டையின் அகலம் 4 கிலோமீட்டருக்குள் இருக்கும் என்பதால் வீட்டு மாடியில் காத்திருந்து பயனில்லை. பட்டை போகும் ஊருக்கு நாம்தான் போக வேண்டும். நிலாவின் விட்டத்தில் நிலையம் ஏறத்தாழ 35-இல் ஒரு பங்கு தெரியும், 70 மில்லிமீட்டர் தொலைநோக்கியோடு கைபேசியைப் பொருத்தினாலே வடிவம் கிடைக்கலாம். தொலைநோக்கி நண்பரிடம் இருக்கிறது. சித்திரை, வைகாசி இரண்டு மாதத்துக்கும் கடவுப் பட்டியலை எடுத்துவைத்திருக்கிறேன்; அறந்தாங்கிப் பக்கமோ கீரனூர்ப் பக்கமோ வந்தால் ஸ்கூட்டரிலேயே போய்விடலாம்.