நான்கு சேனல் காலத்து ஆள்

எம்பிராய்டரி மெஷின் ஓடும் இரவு ஷிஃப்டில் இயர்போனில் நான் கேட்பது பெரும்பாலும் வீடியோ கேம்களுக்கு இசை போடும் ஜெஸ்பர் கிட்டின் இசைதான். திருப்பூரில் அந்தப் பெயரைச் சொன்னால் எங்கள் யூனிட் பையன்கள் விழிக்கிறார்கள். ‘எட்சியோஸ் ஃபேமிலி’யைப் போட்டால் மட்டும், "அண்ணா, இது அசாசின்ஸ் கிரீட்!" என்று துள்ளுகிறார்கள். அந்த வீடியோ கேம் தொடரில் 2009இல் வந்த இரண்டாம் பாகத்துக்காக அவர் போட்ட மெட்டு அது. வார்த்தையே இல்லாமல் ஒரு பெண் குரல் வரும். அதுவே அந்தத் தொடரின் அடையாளமாகிவிட்டது. பின்னால் வந்த இசையமைப்பாளர்களும் அதைத் தொடாமல் நகர முடியவில்லை.

டென்மார்க்கில் 1972இல் பிறந்தவர். ஆரம்ப காலத்தில் அமீகா கணினியில் டெமோக்களுக்கு, அதாவது கணினியின் திறமையைக் காட்டும் சின்னச் சின்ன ஒலி-ஒளிக் காட்சிகளுக்கு, இசை போட்டார். அமீகாவில் மொத்தமே நான்கு சேனல்கள்; ஒரே நேரத்தில் நான்கு ஒலிகள்தான் ஓடும். அதனால் அந்தக் காலத்து ஆட்கள் மூன்று சுரங்களைச் சேர்த்து ஒரே சாம்பிளாக (ஒலித்துண்டாக)ப் பதிந்து, ஒரே சேனலில் ஓட்டிவிடுவார்கள். பஞ்சிங் போடுகிற, அதாவது படத்தை மெஷினுக்கான தையல் டிசைனாக மாற்றுகிற எனக்கு இந்தத் தந்திரம் நன்றாகவே புரியும். வாடிக்கையாளர் மயில் படம் கொண்டுவருவார். கழுத்தில் மட்டுமே ஏழெட்டு நிறம் மின்னும். எங்கள் மெஷினில் இருப்பது ஒன்பது ஊசி. நீல நூலுக்கு மேல் பச்சையை இடைவெளி விட்டு ஓட்டி, இல்லாத மூன்றாவது நிறத்தைக் கண்ணுக்குக் காட்ட வேண்டும்.

பிறகு செகா மெகா டிரைவ் என்ற வீடியோ கேம் கருவிக்கு வந்தார். அதில் 1995இல் வந்த ‘பேட்மேன் அண்ட் ராபின்’ விளையாட்டுக்கு அவர் போட்டது கலப்படமில்லாத டெக்னோ என்ற மின்னணு நடன இசை. சூப்பர் ஹீரோ என்றால் பித்தளை வாத்தியங்கள் முழங்க வேண்டும் என்ற வழக்கத்தை அவர் சட்டை செய்யவே இல்லை. அந்தத் துணிச்சல் எனக்குப் பிடிக்கும். காது வலிக்கும் என்பதும் உண்மைதான்.

2002இல் ‘ஹிட்மேன் 2’ விளையாட்டுக்கு புடாபெஸ்டின் சிம்பொனி இசைக்குழுவும் பாடகர் குழுவும் கிடைத்தன. எல்லோரும் கொண்டாடுவது அதைத்தான். என் ஓட்டு 2004இல் வந்த ‘ஹிட்மேன்: கான்ட்ராக்ட்ஸ்’க்கு. ஆர்கெஸ்ட்ராவை ஓரம் கட்டிவிட்டு மறுபடியும் மின்னிசைக்கே திரும்பினார். இருட்டான, அழுக்கேறிய ஒலி. பிரிட்டனின் பாஃப்டா விருதும் அதற்குத்தான் கிடைத்தது.

இந்திய சினிமாவுக்கும் அவர் வந்திருக்கிறார். 2018இல் வெளியான ‘தும்பாட்’ இந்திப் படத்தின் பின்னணி இசை அவருடையது. பாடல் அஜய்-அதுல். 2024இல் படம் மறுபடி தியேட்டருக்கு வந்து, முதல் தடவையைவிட நன்றாக ஓடியது. பெருந்துறை மச்சானிடம் இதைச் சொன்னேன். "வெள்ளைக்காரருக்கு நம் ஊர் மழையும் பேயும் எப்படித் தெரியும், மாப்பிள்ளை? அதே பெயரில் வேறு யாராவது இருப்பார்கள்" என்றார். டைட்டிலை நிறுத்திக் காட்டினேன். அதற்குப் பிறகும் அஜய்-அதுல்தான் எல்லாமே செய்தார்கள் என்று சாதிக்கிறார்.