மெனுவில் இருந்த பீரங்கிக்காரர்

ராணிப்பேட்டை பக்கம் தனியாக நில அளவை வேலை செய்கிறேன். கையில் இருக்கும் ஜிபிஎஸ் கருவியின் மெனுவில் 'எவரெஸ்ட் 1830' என்று ஒரு பெயர் பத்து வருடமாகக் கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தது, மலையின் பெயரைச் சும்மா வைத்திருக்கிறார்கள் என்றுதான் நினைத்திருந்தேன். போன வருடம் பழைய டோப்போஷீட்டிலிருந்து (அரசு நிலவரைபடம்) எடுத்த புள்ளிகளை யோசிக்காமல், ஜிபிஎஸ் பயன்படுத்தும் பூமிக் கணக்கான டபிள்யூஜிஎஸ் 84-இல் ஏற்றிவிட்டு, ஏரிக்கரையில் இருக்க வேண்டிய கல் நூறு மீட்டருக்கு மேல் தள்ளி ஒருவருடைய கரும்புத் தோட்டத்துக்குள் போய் நின்றபோதுதான் அந்தப் பெயர் உறைத்தது: பழைய வரைபடம் அந்தப் பெயரில் உள்ள வேறு பூமிக் கணக்கில் போட்டது. தோட்டக்காரர் என்னைத் திட்டியதை இங்கே எழுத முடியாது.

அடுத்த மாதமே ஒரு பாலிடெக்னிக்கில் சிவில் பிள்ளைகளுக்கு அரை மணி நேரம் பேசக் கூப்பிட்டார்கள். அந்தப் பெயருக்குரிய எவரெஸ்ட் என்ற ஆளைப் பற்றிப் பேசுகிறேன் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். மூன்று வாரம் இருந்தது. அந்த ஆள் யார் என்று அன்றைக்கு எனக்கே தெரியாது.

முதல் முட்டுக்கட்டை பிறந்த ஊர். பாதிப் பேர் வேல்ஸில் இருந்த குடும்ப மாளிகை என்கிறார்கள், பாதிப் பேர் லண்டன் பக்கத்து கிரீனிச். பிறந்தது 1790 ஜூலை 4, அதில் தகராறு இல்லை. ஊர்ச் சண்டையைத் தீர்க்க நான் யார் என்று விட்டுவிட்டேன், ஆனால் ஞானஸ்நானம் நடந்தது கிரீனிச்சில் என்பதால் அதை மட்டும் குறித்துக்கொண்டேன். உலகமே தீர்க்கரேகையை எண்ண ஆரம்பிக்கிற ஊரில் ஒரு சர்வேயருக்குத் தலையில் தண்ணீர் தெளித்தார்கள் என்று சொன்னால் பிள்ளைகள் தூங்க மாட்டார்கள் இல்லையா.

அடுத்துத்தான் என்னை நிமிர்ந்து உட்கார வைத்த விஷயம். ஜார்ஜ் எவரெஸ்ட் பீரங்கிப்படை அதிகாரி. 1806-இல், பதினாறு வயதில், கிழக்கிந்தியக் கம்பெனியின் வங்காளப் பீரங்கிப்படைக்கு கேடட்டாக வந்திறங்கியவர். சண்டைக் கதை நிறைய கிடைக்கும் என்று தேடினேன், கிடைக்கவில்லை. 1814 முதல் 1816 வரை ஜாவா தீவை அளந்தார், ராஃபிள்ஸ் அங்கே கவர்னராக இருந்த காலம். திரும்பி வந்ததும் கல்கத்தாவிலிருந்து மேற்கே சுனார் வரை செமஃபோர் தந்திக் கோபுரங்களுக்கு (தூரத்திலிருந்து பார்த்துப் படிக்கிற சைகைகளால் செய்தி அனுப்புபவை) இடம் பார்த்தார். பீரங்கிக்காரனுக்குக் கோணமும் தூரமும் கணக்கும் கைவசம் இருந்தாக வேண்டும், இல்லாவிட்டால் குண்டு வேறு எங்கேயோ விழும், அதனால் கம்பெனிக்கு அளவை வேலை வந்தபோதெல்லாம் இப்படிப்பட்டவர்களைத்தான் இழுத்திருக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. 1818-இல் ஹைதராபாத்தில், இந்தியாவை முக்கோணம் முக்கோணமாக அளக்கும் பெரிய அளவையை நடத்திக்கொண்டிருந்த லாம்டனுக்கு உதவியாளராகச் சேர்ந்தார்.

லாம்டனைத் தொடாமல் எவரெஸ்டைப் பேச முடியாது என்று அப்புறம்தான் புரிந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ரயில் ஏறிப் பரங்கிமலைக்குப் போனேன். 1802-இல் லாம்டன் அளந்த ஏழரை மைல் பேஸ்லைன், அதாவது முக்கோணக் கணக்குக்கு அடிப்படையாகத் தரையிலேயே சங்கிலி போட்டு அளக்கும் கோடு, அங்கேதான் தொடங்குகிறது. அப்போது சென்னைப் பீரங்கிப்படைக்குத் தலைமையிடமும் பரங்கிமலைதான், இந்த ஒற்றுமையை நான் எதிர்பார்க்கவில்லை. மேலே நின்று பார்த்தால் விமான நிலைய ஓடுபாதை நன்றாகத் தெரிகிறது, பேஸ்லைன் போன வழியெல்லாம் வீடுகள். இன்றைக்கு அங்கே சங்கிலி இழுக்கச் சொன்னால் முதல் தெருவிலேயே வேலையை விட்டுவிடுவேன்.

தஞ்சாவூர்க் கதையும் அப்படித்தான் கிடைத்தது. அரை டன் எடையுள்ள பெரிய தியோடலைட்டை (கோணம் அளக்கும் கருவி) 1808-இல் லாம்டன் பெரிய கோயில் விமானத்தின் மேல் ஏற்றச் சொல்ல, கயிறு அறுந்து கருவி சுவரில் மோதி அதன் வட்டத் தகடு வளைந்துவிட்டது. அவர் ஆறு வாரம் அடைந்து கிடந்து அதைத் தட்டி நிமிர்த்தினார். ஒரு முறை என் அளவைக் கருவி டோட்டல் ஸ்டேஷன் முக்காலியோடு சாய்ந்தபோது இரண்டு நாள் சோறு இறங்கவில்லை எனக்கு, அதனால் அந்த ஆறு வாரம் எப்படி இருந்திருக்கும் என்று ஓரளவு தெரியும். பிற்பாடு அதே கருவியை எவரெஸ்ட் கல்கத்தாவில் ஹென்றி பாரோ என்ற கருவி நிபுணரிடம் கொடுத்துப் புதுப்பித்தார்.

எவரெஸ்ட் ஆள் எப்படி? கஷ்டமான ஆள். படித்தவரை எனக்குப் பிடிக்கவில்லை, மறைக்க விரும்பவில்லை. 1819-இல் கிருஷ்ணாவுக்கும் கோதாவரிக்கும் இடைப்பட்ட காட்டில் மழைக்காலத்தில் வேலை பார்த்துக் கூட்டமே காய்ச்சலில் விழுந்தது, அவரும் விழுந்து, உடம்பு தேற நன்னம்பிக்கை முனைக்குப் போனார். போன இடத்திலும் சும்மா இருக்கவில்லை: அங்கே லகாயி என்ற பிரெஞ்சுக்காரர் முன்பு அளந்த கணக்கு ஏன் உதைக்கிறது என்று தோண்டி, பக்கத்து மலையின் கனம் தூக்குக்குண்டைத் தன் பக்கம் இழுத்திருக்கும் என்று கண்டுபிடித்துச் சொன்னார். இந்த இடத்தில் எனக்கு மரியாதை வந்துவிட்டது. 1823-இல் லாம்டன் ஹிங்கன்காட்டில் இறந்ததும் அந்த அளவையின் பொறுப்பு இவரிடம் வந்தது, 1830-இல் சர்வேயர் ஜெனரலும் ஆனார். அதற்குப் பிறகும், யாரோ தன்னை 'கம்பாஸ்வாலா' (திசைகாட்டிக்காரன்) என்று அழைத்ததற்கு மேலிடத்துக்குப் புகார் எழுதிய மனுஷர்! என்னை ஊரில் 'செயின்காரர்' என்றுதான் கூப்பிடுகிறார்கள், நான் யாரிடம் எழுதுவது.

கங்கைச் சமவெளியில் மலையே கிடையாது, மரமும் தூசியும்தான், எதிர்ப்புள்ளி தெரியாது. அதற்காக ஐம்பது அடி உயரத்தில் செங்கல் கோபுரங்கள் கட்டினார். பகலில் கானல் ஆட்டம் காட்டுவதால் இரவில் விளக்கு வைத்துப் பார்த்தார். மத்திய இந்தியாவின் சிரோஞ்ச் பேஸ்லைனிலிருந்து முக்கோணம் முக்கோணமாகக் கணக்குப் போட்டு டேராடூனுக்கு வந்தார்கள். அங்கே ஏழு மைல் சொச்சம் உள்ள பேஸ்லைனைத் தரையில் அளந்து ஒப்பிட்டபோது வித்தியாசம் ஏழு அங்குலம் சொச்சம்தான். நானூறு மைல் தள்ளி வந்து! கன்னியாகுமரியிலிருந்து முசூரி வரை சுமார் 2400 கிலோமீட்டர் நீளும் அந்த வில்லை, அதாவது பூமியின் வளைவோடு தெற்கு வடக்காகப் போகும் அளவைக் கோட்டை, 1841-இல் முடித்தார், 1843-இல் ஓய்வு. என் மெனுவில் இருப்பது, அந்த வேலையின் நடுவே பூமியின் வடிவத்துக்கு அவர் போட்ட கணக்கு. நிலநடுக்கோட்டு ஆரம் டபிள்யூஜிஎஸ் 84-ஐவிட 860 மீட்டர் போலக் குறைவு.

சைய்யித் மீர் மொஹ்சின் உசேனைப் பற்றி படித்த அன்று இரவு வீட்டில் எல்லோரையும் எழுப்பிச் சொன்னேன். எவரெஸ்டின் கருவிகளைப் பழுதுபார்த்தவர், பாரோ போன பிறகு அந்தப் பொறுப்புக்கே வந்தவர், ஆற்காட்டுக்காரர். என் வீட்டிலிருந்து பாலாற்றைத் தாண்டினால் ஆற்காடு. "சரி, காலையில சொல்லக் கூடாதா" என்றாள் மனைவி.

பெயரை எழுதுவது கடைசிச் சிக்கல். அவர் குடும்பத்தில் 'ஈவ்-ரெஸ்ட்' என்றுதான் உச்சரிப்பு. சிகரத்துக்கு அவர் பெயரை 1856-இல் முன்மொழிந்தவர் அவருக்கு அடுத்து வந்த ஆண்ட்ரூ வாவ். எவரெஸ்டே அதை ஆட்சேபித்தார்: இந்தப் பெயரை இந்தியில் எழுத முடியாது, உள்ளூர்க்காரர் வாயில் நுழையாது என்றார். பலகையில் 'ஈவ்ரெஸ்ட்' என்று எழுதிப் பார்த்தேன், யாருக்கும் புரியாது, அழித்துவிட்டு எவரெஸ்ட் என்றே போட்டேன்.

அரங்குக்குப் போனால் அழைப்பிதழில் 'மலையேற்றமும் மன உறுதியும்' என்று அச்சடித்திருந்தார்கள். முன் வரிசையில் ஒரு பையன் மலையேறும் ஷூவோடு வந்திருந்தான். தஞ்சாவூர்க் கயிறு அறுந்த இடத்தில் எல்லோரும் சேர்ந்து "அய்யய்யோ" என்றார்கள், அது எனக்குப் போதும். முடிந்ததும் கருவியைக் கொடுங்கள் சார் என்று வாங்கி மெனுவைத் திறந்து அந்தப் பெயரைத் தேடித் தேடிப் பார்த்தார்கள்.

மறுநாள் காலை வாலாஜாவில் ஒரு மனையை அளக்கப் போனேன். மூலைக்கல் எதிர்த் தெரு டீக்கடைக்குப் பின்னால் இருப்பதாகக் கருவி காட்டியது. மெனுவைத் திறந்தேன். எவரெஸ்ட் 1830.