வகுப்புப் படத்தைக் கடைசியாகக் காட்டுங்கள்

பழைய மாணவர் மலருக்கு ஆக்கம் சேர்க்கும்போது, பழைய வகுப்புப் படத்தை வட்ஸ்அப் குழுவில் போட்டு "ஆருக்கு என்ன ஞாபகம்?" என்று கேட்பதுதான் வழக்கம். நினைவுகள் ஒன்றோடொன்று கலப்பதும் அங்கேதான்.

கனடாவில் உளவியலாளர் ஸ்டீபன் லின்ட்சேயும் கூட்டாளிகளும் 2004இல் வெளியிட்ட ஆய்வைப் பாருங்கள். 45 பல்கலைக்கழக மாணவர்களிடம் பள்ளிக்காலச் சம்பவங்கள் மூன்று சொல்லப்பட்டன. இரண்டு, பெற்றோரிடம் கேட்டறிந்தவை. மூன்றாவது கட்டுக்கதை: சின்ன வகுப்பில் கூட்டாளியோடு சேர்ந்து ஆசிரியரின் மேசைக்குள் விளையாட்டுக் களியை (ஸ்லைம் என்ற வழுவழுப்பான பசையை) வைத்தது. பாதிப்பேருக்கு அந்த வருட வகுப்புப் படமும் கொடுத்தார்கள். உண்மையான படம், களியின் தடயம் ஏதும் அதில் இல்லை. ஒரு வாரத்தில், படம் பெற்றவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினருக்கு அந்த நடக்காத சம்பவம் "ஞாபகம்" வந்தது. படம் பெறாதவர்களில் நாலில் ஒரு பங்களவுதான். முகங்களும் சீருடையும் வகுப்பு வாங்குகளும் படத்தால் துலங்குகின்றன. அந்தத் துலக்கத்தை மனம் சம்பவத்தின் கணக்கில் எழுதிவிடுகிறது.

கதைத்தாலும் இதே கலப்புத்தான். 2003இல் உளவியலாளர் கபெர்ட் குழுவினர், ஒரே சம்பவத்தின் வெவ்வேறு கோணக் காணொளிப் பதிவுகளைச் சோடியாக வந்தவர்களுக்கு ஆளுக்கொன்றாகக் காட்டிக் கதைக்க விட்டார்கள். பிறகு தனியே விசாரித்தபோது 71 சதவீதத்தினர், தாம் காணாத ஒரு விவரத்தையாவது கண்டதாகச் சொன்னார்கள். விவரம் தங்குகிறது, அது எங்கிருந்து வந்தது என்பது கழன்றுவிடுகிறது. ஒருவரும் பொய் சொல்லவில்லை.

கேள்வியே நினைவை ஊட்டவும் கூடும். 1992 ஒக்டோபர் 4இல் அம்ஸ்ரடாமில் சரக்கு விமானம் ஒன்று அடுக்குமாடியில் மோதியது. மோதிய கணத்தைத் தொலைக்காட்சியில் பார்த்தீர்களா என்று 10 மாதங்களின் பின் ஆய்வாளர்கள் 193 பேரைக் கேட்டார்கள். 107 பேர் "ஓம்" என்றார்கள். அந்தக் கணம் காணொளியாக எடுக்கப்படவே இல்லை.

ஆகவே, ஒவ்வொருவரும் முதலில் தனியே எழுதட்டும். "அந்த மாஸ்ரர் அடித்தது ஞாபகமா?" என்று கேளாமல், "அந்த வகுப்பைப் பற்றி எழுதுங்கள்" என்று மட்டும் கேளுங்கள். ஒவ்வொரு சம்பவத்தின் பக்கத்திலும் கண்டதா, கேட்டதா, படத்தில் பார்த்ததா என்று குறிக்கச் சொல்லுங்கள். எல்லாம் வந்து சேர்ந்தபின் படத்தைக் காட்டலாம். அதன்பின் இடாப்போடும் பரிசளிப்பு விழா அறிக்கையோடும் ஒப்பிடலாம். ஐந்து பேர் ஒரே மாதிரி எழுதியிருந்தால், ஐவரும் ஒருவரிடமே கேட்டார்களா என்று விசாரியுங்கள்.

எங்கள் ஆசிரியர்களில் பலர் இப்போது இல்லை. செய்யாத ஒன்றைச் செய்ததாக அச்சில் வந்தால், மறுக்க அவர்கள் வரப்போவதில்லை. இரண்டு நினைவுகள் முரண்பட்டால் ஒன்றை வெட்டாதீர்கள். இரண்டையும் எழுதியவர் பெயரோடு போடுங்கள்.