நீலம் தேடிப் போன ஊரில் செங்கல்

தாஷ்கண்ட் என்றால் எங்கள் அப்பாவுக்கு லால் பகதூர் சாஸ்திரிதான். 1966 ஜனவரி 10 அன்று பாகிஸ்தானோடு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டவர், மறுநாள் விடிவதற்குள் அந்த ஊரிலேயே இறந்துபோனார். அதனால் உஸ்பெகிஸ்தானில் இறங்கிய முதல் நாளே நானும் அக்காவும் அவருடைய மார்பளவுச் சிலையைத் தேடிப் போய்ப் பூ வைத்துவிட்டு வந்தோம். அதே வருடம் ஏப்ரலில் வந்த நிலநடுக்கம் பழைய தாஷ்கண்டில் பெரும்பகுதியைக் கொண்டுபோய்விட்டது. இப்போதிருக்கும் அகலச் சாலைகள் அதற்கப்புறம் வந்தவை. நாங்கள் அங்கே தங்கவில்லை, மறுநாள் காலை சமர்கந்துக்கு ரயில் ஏறிவிட்டோம்.

பல வருடங்களாக நான் ஏங்கியது சமர்கந்துக் கட்டடங்களில் பதித்த ஓடுகளின் நீலத்துக்குத்தான். ரெகிஸ்தான் சதுக்கத்தில் மூன்று மதரஸாக்கள் ஒன்றையொன்று பார்த்தபடி நிற்கின்றன. இடப்பக்கம் இருப்பது தைமூரின் பேரன் உலுக் பெக் 1420-இல் கட்டி முடித்தது. அவர் அரசர் மட்டுமல்ல, வானியலாளரும்கூட. ஆயிரத்துக்கும் மேற்பட்ட விண்மீன்களின் இடத்தைக் குறித்து அட்டவணை போட்டவர். அவர் கட்டிய முகப்பு முழுக்க நட்சத்திரக் கோலங்கள். மற்ற இரண்டும் இருநூறு வருடம் கழித்து எழுந்தவை. அந்தி வெயில் ஓடுகளில் பட்டபோது அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் இருவருமே பேசவில்லை.

அப்புறம் அந்த மூன்றில் ஒன்றான தில்யா-கோரி மதரஸாவுக்குள் மாட்டியிருந்த பழைய புகைப்படங்களைப் பார்த்தோம். இடிந்த வளைவுகள், சாய்ந்த கோபுரங்கள், ஓடு உதிர்ந்த சுவர்கள். வெளியே நாங்கள் அண்ணாந்து பார்த்த அந்த மதரஸாவின் நீலக் குவிமாடமே போன நூற்றாண்டில் சோவியத் காலத்தில் வைத்ததுதானாம். 'பீபி கானும்' என்ற மசூதியின் கதையும் இதேதான். 1398-இல் டெல்லியைச் சூறையாடிவிட்டுத் திரும்பிய தைமூர், இந்தியாவிலிருந்து கொண்டுபோன கல்தச்சர்களையும் யானைகளையும் வைத்துக் கட்டியது அது. அளவுக்கு மீறிய பிரம்மாண்டம், கட்டி முடித்த கொஞ்ச காலத்திலேயே விரிசல் விட ஆரம்பித்தது. இன்று பளபளவென்று நிற்பதில் பெரும்பகுதி புதுப்பித்தது. புதுப்பித்தவர்களின் கைத்திறனைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் எது பழசு, எது புதுசு என்று பார்க்கிறவருக்குத் தெரிய வேண்டும். டெல்லியிலிருந்து இழுத்துவரப்பட்ட அந்தத் தச்சர்களின் கை எந்தக் கல்லில் பட்டது என்று தேடினேன். கண்டுபிடிக்க முடியவில்லை. அது என்னை வெகுநேரம் உறுத்தியது.

அந்த உறுத்தலுக்கு மருந்தாக இருந்தது ஷா-இ-ஸிந்தா. குன்றின் சரிவில் ஒரு ஒடுங்கிய சந்து, இரண்டு பக்கமும் சமாதிகள். அதில் ஒன்றை, அகாலத்தில் இறந்த தன் மகள் ஷாதி முல்க் ஆகாவுக்காகத் தைமூரின் சகோதரி 1370-களில் கட்டினாள். களிமண்ணைச் செதுக்கி, மேலே மெருகு பூசிச் சுட்ட ஓடுகள். பக்கத்தில் நின்று பார்த்தால் பூவின் இதழ் மேடும் பள்ளமுமாகத் தெரிகிறது. பள்ளத்தில் நீலம் அடர்ந்து நிற்கிறது, மேட்டில் வெளுக்கிறது. அங்கே ஒரு பெண் சுவரோரம் உட்கார்ந்து, கையேந்தித் துவா செய்துகொண்டிருந்தாள். நாங்களும் பக்கத்தில் உட்கார்ந்தோம்.

சரி, நீலம் பார்த்தாயிற்று என்ற நிறைவோடுதான் புகாராவுக்குப் போனேன். அங்கே சாமானித் என்ற அரச குடும்பத்தின் சமாதி ஒன்று பூங்காவுக்குள் இருக்கிறது. 10-ஆம் நூற்றாண்டுக் கட்டடம். ஒரு பக்கம் பத்து மீட்டர் சொச்சம்தான், நம் ஊர்ப் பெருமாள் கோயில் மண்டபம் ஒன்றின் அளவு. ஒரு துளி வண்ணம் கிடையாது. வெறும் செங்கல்.

ஆனால் அந்தச் செங்கல்லை என்னவெல்லாம் செய்திருக்கிறார்கள்! ஒன்றைப் படுக்கவைத்து, அடுத்ததை நிமிர்த்தி, இன்னொன்றைச் சாய்த்து, வேறொன்றைக் கொஞ்சம் வெளியே துருத்தவிட்டு, சுவர் முழுவதையும் கூடை முடைவது போல முடைந்திருக்கிறார்கள். கிட்டத்தட்ட இரண்டு மீட்டர் கனமுள்ள சுவர், பார்வைக்கு நாணலால் பின்னியது போல லேசாகத் தெரிகிறது. நான்கு பக்கமும் ஒரே மாதிரி வாசல். பின்பக்கம் என்று ஒன்று இல்லவே இல்லை. காலை ஒன்பது மணிக்குப் பார்த்த சுவர் பதினொரு மணிக்கு வேறாக இருந்தது. வெயில் நகர நகர நிழல் புதுக் கோலம் போடுகிறது. வண்ணம் தீட்ட வேண்டிய அவசியமே அவர்களுக்கு வரவில்லை என்று அப்போது தோன்றியது. சுற்றிலும் கல்லறைகளும் மண்ணும் ஏறிப் பாதி மூடிக் கிடந்த இதையும் சோவியத் காலத்தில்தான் தோண்டிச் சீர்செய்தார்கள். ஆனாலும் அந்தப் பின்னல் பழைய பின்னல்தான். மூன்று மணி நேரம் சுற்றிச் சுற்றி வந்தேன். அக்கா பொறுமையாக நிழலில் உட்கார்ந்து, சமர்கந்தில் வாங்கிய வட்ட ரொட்டியைப் பிட்டு எனக்கும் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

(கீவாவும் போனோம். மதில் சூழ்ந்த அழகான ஊர். ஆனால் ஒரே பகல்தான் இருந்தோம், அதைப் பற்றி எழுத எனக்குத் தகுதி போதாது.)

புகாராவில் கடைசி மாலை கல்யாண் மினாரின் அடியில். 1127-இல் எழுந்தது, சுமார் 46 மீட்டர் உயரம். 1920-இல் செம்படையின் குண்டுகள் பட்டுக் காயமாகி, மறுபடி சரிசெய்யப்பட்டது. இதுவும் செங்கல்தான். அடியிலிருந்து மேலே வரை பட்டை பட்டையாக வெவ்வேறு பின்னல். ஒவ்வொரு பட்டையாகக் கண்ணால் ஏறிக்கொண்டே போனேன். உச்சிக்குக் கொஞ்சம் கீழே, அத்தனை மண்நிறத்துக்கும் நடுவே, மெல்லிய வளையமாக ஒரு கோடு மின்னியது. மெருகு ஓடு. சமர்கந்து முழுக்கப் பரவியிருந்த அதே நீலம், அதற்கு ஏறக்குறைய முந்நூறு வருடம் முன்னால், ஒரு விரல் அகலமாகத் தெரிந்தது. "அங்கே பார், மேலே" என்று அக்காவிடம் காட்டினேன். வெளிச்சம் போகும்வரை பார்த்துக்கொண்டு நின்றோம்.